சுழல மறுக்கும் சலவை இயந்திரம்

துணி தோய்த்தல் என்பது உண்மையில் இரண்டு வேலைகள். அழுக்கைப் போக்குவது ஒன்று. தோய்த்த துணியிலிருந்து நீரைப் போக்குவது மற்றொன்று. கிணற்றடிக் கல்லில் தோய்த்துப் பழகியவர்களைக் கேட்டால், முன்னதைவிடப் பின்னதே கையை முறிக்கும் வேலை என்பார்கள். நனைந்த படுக்கை விரிப்பை இருவர் இரு முனையிலும் பற்றி நின்று முறுக்கிப் பிழிவது நமது முற்றங்களில் புதிய காட்சியன்று. அந்த இரண்டாவது வேலையைச் சலவை இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆகையினாலேதான், அஃது அவ்வேலையைச் செய்ய மறுக்கும் நாளில் வீடே கலங்கிப் போகிறது.

இயந்திரம் நீரை எடுக்கிறது, தோய்க்கிறது, அலசுகிறது. சுழன்று பிழிய வேண்டிய வேளையில் மாத்திரம் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு வீட்டுத் துணி முழுவதும் நீர் சொட்டக் கிடக்கிறது. உடனே வீட்டிலுள்ளோர், “மோட்டர் எரிந்துவிட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மோட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் செலவுக் கணக்கு மனத்தில் ஏறிவிடுகிறது. ஆனால் ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். ஒற்றை உருளையுடைய இயந்திரங்களில் தோய்ப்பதற்கும் பிழிவதற்கும் இருப்பது ஒரே மோட்டர்தான். தோய்க்கும்போது அது நன்றாக இயங்கியதென்றால், பிழியும்போது மாத்திரம் எரிந்துவிட்டதென்று கொள்வதற்குக் காரணம் குறைவு.

ஆகவே இக்கிழமை நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுவே: சுழலாத இயந்திரம் பல வேளைகளில் பழுதடைந்த இயந்திரமன்று, ஏதோ ஒன்றுக்காகக் காத்து நிற்கும் இயந்திரம். எதற்காகக் காத்து நிற்கிறதென்று கண்டறிவது முதல் வேலை. திருப்புளியை எடுப்பது கடைசி வேலை.

ஏன் காத்து நிற்கிறது?

இதனை விளங்கிக்கொள்ளப் பாடசாலை மாணவர்கள் தாம் கற்ற வட்ட இயக்கத்தை நினைவுகூர்தல் போதும். உருளை சுழலும்போது துணியை அதன் சுவர் வளைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நீரைத் திருப்ப அங்கே சுவரில்லை, துளைதான் உண்டு. எனவே நீர் துளைவழியே நேராக வெளியேறிவிடுகிறது. 1878 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து டி லாவல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்ததும் சுழற்சியின் வலிமையைக் கொண்டே.

அவ்வலிமை எத்தகையதென்று கணக்கிட்டால் வியப்பே உண்டாகும். நிமிடத்துக்கு 1,200 தடவை சுழலும் உருளையின் ஆரை 24 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதன் விளிம்பிலுள்ள பொருள் தன் எடையைப் போல் ஏறக்குறைய 390 மடங்கு வலிமையுடன் சுவரை அழுத்தும். ஒரு பக்கத்தில் நனைந்த துவாயொன்று அரைக் கிலோகிராம் கூடுதலாக ஒட்டிக்கொண்டால், அது ஏறக்குறைய 190 கிலோகிராம் பாரத்தைப் போல் உருளையைத் தன் பக்கம் இழுக்கும்; அதுவும் ஒரு செக்கனில் 20 தடவை திசை மாறி இழுக்கும். இவ்வலிமையைக் கட்டவிழ்த்து விடுமுன் இயந்திரம் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. நீர் வெளியேறியிருத்தல் வேண்டும்; மூடி பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்; பாரம் சமனாக இருத்தல் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விதி. இயந்திரத்துக்குள் கைவைக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிச்சை அணைத்தால் மாத்திரம் போதாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரத் தரையும் ஈரக் கையும் அதற்குத் துணை போகும்.

முதலாவது: நீர் போயிற்றா?

உள்ளே நீர் தேங்கி நிற்குமாயின், சுழலாமைக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. நீர்மட்டத்தை உணரும் உறுப்பு, “வெறுமையாயிற்று” என்று சொல்லும்வரை இயந்திரம் சுழலாது. எனவே நீர் போகும் குழாயைப் பாருங்கள். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியபோது அது மடிந்து நசுங்கியிருக்கலாம்.

குழாயின் உயரமும் முக்கியமானது. மேல்மூடியுடைய இயந்திரங்கள் பலவற்றில் பம்பு இல்லை; நீர் தானாகவே தாழ்ந்து ஓட வேண்டும். அத்தகைய இயந்திரத்தின் குழாயை வாசற்படிக்கு மேலாக ஏற்றி வெளியே விட்டால் நீர் பாதியில் நின்றுவிடும்; அது தரையோடு கிடத்தல் வேண்டும். முன்புறக் கதவுடைய இயந்திரங்களில் இதற்கு நேர்மாறு. அங்கே பம்பு நீரை உயர்த்தித் தள்ளுகிறது. ஆதலால் குழாயின் முனை பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இருத்தல் வேண்டும். சரியான அளவு இயந்திரத்துடன் வந்த கைநூலில் இருக்கும்.

முன்புறக் கதவுடைய இயந்திரத்தின் அடியில், பெரும்பாலும் ஒரு மூலையில், சிறு மூடியொன்று உண்டு. அதன் உள்ளேதான் பம்பைக் காக்கும் வடி இருக்கிறது. நாணயக் குற்றி, சட்டைத் தெறி, தலைமயிர்க் கிளிப், குழந்தையின் காலுறை முதலியன வந்து சேருமிடம் அதுவே. வெந்நீரில் தோய்த்திருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். தாழ்ந்த தட்டமொன்றைக் கீழே வைத்து, வடியைச் சிறிது சிறிதாகத் திருகி நீரை வடியவிட்டுப் பின்னரே முற்றாகக் கழற்ற வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் உருளையிலுள்ள நீர் முழுவதும் தரைக்கு வந்துவிடும். கழுவிய வடியை மீண்டும் இறுகத் திருக மறவாதீர்கள்.

இரண்டாவது: மூடி பூட்டிற்றா?

நீர் போன பின்னும் உருளை அசையாதிருந்தால் மூடியைக் கவனியுங்கள். முன்புறக் கதவு பூட்டும்போது ‘டிக்’ என்றோர் ஒலி கேட்க வேண்டும். இரப்பர் விளிம்பில் துணியின் நுனி அகப்பட்டிருந்தாலே அப்பூட்டு விழாது. மேல்மூடியின் கீழும் சுவிச்சொன்று உண்டு. சவர்க்காரத் தூள் படிந்தோ, மூடியின் பிணைச்சல் உடைந்தோ அது தொடாமற் போகலாம். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக மூடிப் பாருங்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியதொன்று உண்டு. மூடிச் சுவிச்சு கெட்டுவிட்டால், அதைக் கம்பியால் கட்டியோ குச்சி செருகியோ, மூடி திறந்திருக்கும்போதே இயந்திரத்தைச் சுழல வைக்கும் ‘கெட்டிக்காரர்’ சிலர் உளர். வேலை நடக்கும், பணமும் மிஞ்சும். ஆனால் சுழலும் உருளைக்குள் நீளும் கையைத் துணி சுற்றி இழுத்துக்கொண்டால், அதனை விடுவிக்க எவராலும் இயலாது. கைக்கும் விரலுக்கும் நேரும் சேதம் வாழ்நாள் முழுவதும் மாறாது. சிறு பிள்ளைக்குச் சுழலும் பொருள் எதுவும் விளையாட்டுப் பொருளே. அந்தச் சிறிய சுவிச்சு இயந்திரத்தைக் காப்பதற்கு வைத்ததன்று. பிள்ளையின் கையைக் காப்பதற்கு வைத்தது. புதிய சுவிச்சுப் போடும்வரை துணியைக் கையால் பிழிந்துகொள்வதில் குறைவொன்றுமில்லை.

மூன்றாவது: பாரம் சமனா?

நீரும் போயிற்று, மூடியும் பூட்டிற்று. உருளை சுழலத் தொடங்கி, தடதடவென்று ஆடி, நின்று, மீண்டும் முயன்று, இறுதியிற் கைவிடுகிறதா? பாரம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதென்பதே பொருள். தனியே போட்ட ஒரு பெரிய துவாய் இதனைச் செய்யும். படுக்கை விரிப்பு மற்றத் துணிகளை வயிற்றுக்குள் விழுங்கிப் பந்தாகத் திரண்டாலும் இதுவே நடக்கும். துணிகளை எடுத்து உதறிப் பரப்பிப் போடுங்கள். தனித் துவாயோடு வேறு இரண்டு துணிகளைச் சேருங்கள். அளவுக்கு மிஞ்சித் திணித்திருந்தால் பாதியை எடுத்துவிடுங்கள்.

மழைக்கோட்டு, பிளாத்திக்கு மேசைவிரிப்பு முதலியவற்றைப் பிழிய விடவே கூடாது. அவை நீரைத் துளைவழியே போகவிடாது தம் மடிப்புக்குள் தேக்கிவைத்துத் திடீரென்று விட்டுவிடும்; அப்போது இயந்திரம் தூக்கியெறியப்பட்டதுபோற் குலுங்கும். சவர்க்காரம் அளவு மிஞ்சினால் நுரையும் உருளையைப் பிடித்துத் தடுக்கும். சவர்க்காரமின்றி ஒருமுறை அலசிவிட்டு மீண்டும் பிழிய விடுங்கள்.

இயந்திரம் நிற்கும் தரையையும் பாருங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்தும்போது அது ஆடுமாயின், காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, நட்டை இறுக்க வேண்டும். புதிதாக வாங்கிய, அல்லது வீடு மாறிக் கொண்டுவந்த முன்புறக் கதவு இயந்திரமாயின், பயணத்தின்போது உருளை அசையாதிருக்கப் பின்புறத்திற் பூட்டிய நீண்ட ஆணிகளைக் கழற்றியாயிற்றா என்று நோக்குக. அவற்றோடு இயந்திரத்தை ஓட்டினால் அது அறை முழுவதும் நடக்கும்.

இரட்டைத் தொட்டி இயந்திரங்களின் இயல்பு சிறிது வேறு. பிழிவதற்கு அவற்றில் தனி மோட்டர் உண்டு. சமனின்மையை உணரும் அறிவு அவற்றுக்கில்லை. துணியின்மேல் வைக்கும் சிறு தட்டை ஒழுங்காக வைத்தீர்களா, பிழியும் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே லேஞ்சியோ காலுறையோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்தவுடன் கூடையை நிறுத்தும் பிரேக்கு இறுகிப்போனாலும் கூடை சுழலாது.

இனிப் பழுது எங்கே?

மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியும் சுழலவில்லையாயின், அப்பொழுதுதான் பழுதென்று கொள்ள வேண்டும். தெரிவுப் பொத்தான், பிழியாத திட்டத்தில் நிற்கிறதா என்று இறுதியாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றியபின் உருளையைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். வார்ப்பட்டியுள்ள முன்புறக் கதவு இயந்திரத்தில் உருளை சிறிதும் தடையின்றி இலேசாகச் சுழன்றால் பட்டி கழன்றிருக்கலாம். சில மோட்டர்களில் காபன் துண்டுகள் தேய்ந்திருந்தால் தோய்க்கும்போதும் உருளை விட்டுவிட்டுச் சுழலும். மேல்மூடி இயந்திரம் பலவற்றில் நீர் வாயிலைத் திறக்கும் உறுப்பே கிளச்சையும் மாற்றுகிறது. அது கெட்டால் நீரும் போகாது, உருளையும் சுழலாது. உறுமல் மாத்திரம் கேட்டு உருளை அசையாவிடின் உடனே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து உறுமவிட்டால் எரியாத மோட்டரும் எரிந்துவிடும்.

இவற்றுக்குத் திருத்துநரை அழைப்பதே தக்கது. உள்ளே இருக்கும் கொள்ளளவி, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடியது; பழக்கமில்லாதோர் அதைத் தொடலாகாது. கருகல் மணமோ, உடலைத் தொட்டால் மின்சாரம் உறைப்பதோ, ‘டிறிப்’ சுவிச்சு விழுவதோ கண்டால், மேற்கூறிய சோதனைகளையும் விட்டுவிட்டு இயந்திரத்தை ஒதுக்கி வையுங்கள்.

திருத்துநரிடம் வெறுமனே, “வேலை செய்யவில்லை” என்னாது, “நீர் போகிறது, மூடி பூட்டுகிறது, பாரம் சமன், உறுமுகிறது, சுழலவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். விலையை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேர்மையான திருத்துநர் அதற்கு மனம் வருந்தமாட்டார்.

இவை தாய்மார் மாத்திரம் அறிந்திருக்க வேண்டியவையல்ல. சட்டைப்பையை வெறுமையாக்கித் துணியைப் போடுவது, மாதம் ஒருமுறை வடியைக் கழுவுவது, சிறு காலுறைகளை வலைப்பையிற் கட்டிப் போடுவது ஆகிய மூன்றையும் பெரியவர்கள் முன்னிலையில் வீட்டு மாணவ மாணவியரே செய்யலாம். ‘நீர், மூடி, பாரம்’ என்ற மூன்று சொற்களையும் ஒரு கடதாசியில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை உருளை நிற்கும்போது, அக்கடதாசியை வாசித்த பின்னர் திருத்துநரை அழைப்பதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.