மறுசுழற்சி என்னும் மங்கலச்சொல்

சுடுகாட்டை 'நன்காடு' என்பதை நம் இலக்கணம் மங்கலம் என்று வகைப்படுத்தும். அமங்கலத்தை நேரே சொல்லக் கூசும் நாகரிகம் அது. பழுதான கணினிகளைக் கப்பலேற்றி ஏழை நாடுகளுக்குத் தள்ளிவிட்டு, அதற்கு 'மறுசுழற்சி' என்றும் 'நன்கொடை' என்றும் பெயர் சூட்டுகிறார்களே, இது எந்த நாகரிகத்தைச் சேர்ந்தது?

கானாவின் தலைநகர் அக்ராவில், ஓடா ஆற்றங்கரையில் இருந்தது அக்போக்ப்ளோஷி. நாட்டின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் அங்கே மின்கம்பிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். டயர்களும் பழைய குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து பெயர்த்தெடுத்த நுரைப்பஞ்சும் எரிபொருள். எஞ்சிய செம்பு அவர்களுக்குக் கூலி, பி.வி.சி. உறை எரிந்து எழுந்த டயாக்சின் அவர்கள் மூச்சுக்கு. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளிலும் அந்த நஞ்சு மிக உயர்ந்த அளவில் இருந்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2021 ஜூலையில் அரசு அந்த இடத்தை இடித்துத் தள்ளியது. புகை அடங்கியதா? இல்லை. தொழில் சுற்றுப்புறங்களுக்குச் சிதறியது. எரித்தவன் விரட்டப்பட்டான்; அனுப்பியவனை யாரும் கேட்கவில்லை.

'அங்கே குவிந்ததில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே பயன்படுத்திக் கழித்தது. இறக்குமதியாகும் பழைய பொருள்களில் பலவற்றை அந்நாட்டார் பழுதுநீக்கிப் பயன்படுத்துகிறார்கள்' என்று சிலர் வாதிடுவர். பழுதுநீக்கும் அந்தக் கைகளின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாளின் கடைசிப் படியில் நிற்கும் பொருளை விற்பவன், அதன் சாவுச் செலவையும் சேர்த்தே வாங்குபவன் தலையில் கட்டுகிறான். இலாபம் ஓர் ஊரில், ஈமக்கடன் வேறோர் ஊரில் என்பதுதான் இந்த வணிகத்தின் சூத்திரம்.

சட்டம் இல்லாமலா? பாசல் உடன்படிக்கை 1989இல் உருவானது. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்கு அபாயக் கழிவுகளை அனுப்பத் தடைவிதிக்கும் திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆயிற்று, இருபத்துநான்கு ஆண்டுகள்! 1990இல் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்றுவரை உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி முதல் எல்லா மின்னணுக் கழிவுக்கும் இறக்குமதி நாட்டின் முன்னிசைவு தேவை. ஆயினும் 'இது கழிவன்று, பழுதுபார்க்கத் தக்கது' என்று ஒரு சீட்டை ஒட்டினால் பெட்டகம் துறைமுகம் கடக்க வழி இருக்கிறது. மீண்டும் ஒரு மங்கலச்சொல்!

2022இல் உலகம் கழித்த மின்னணுப் பொருள்கள் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. நம் நாட்டின் கைகளும் தூயவை அல்ல. உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகள் 2011இலேயே வந்தன. தில்லியின் சீலம்பூரில் வெறுங்கையால் சுற்றுப்பலகைகளைப் பிரிக்கும் கூலிக்காரரிடம் அவை போய்ச் சேரவில்லை.

நாம் கேட்பது கருணையன்று, கணக்கு. பொருளின் விலையிலேயே அதன் அழிவுச் செலவும் அடங்கட்டும். இயங்கும் என்று மெய்ப்பிக்கும் சுமை ஏற்றுமதி செய்பவன் மேல் விழட்டும். எரிக்காமல் கம்பியுறை உரிக்கும் இயந்திரமும் நியாயமான கூலியும் தொழிலாளியைச் சேரட்டும். அதுவரை 'மறுசுழற்சி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், சுழல்வது எது, சுமப்பவர் யார் என்று கேட்போம். சுடுகாட்டைச் சுடுகாடு என்றே சொல்வோம்.