ஆடத் தெரியாத அப்பாக்கள்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அவர் போன பிறவியில் புண்ணியம் செய்தவர். நான் கிள்ளானிலிருந்து வருகிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரம்; மழை பெய்தால் கணக்கே கிடையாது. மகளுக்கு ஒரு கடைவீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு. ஒன்றரை மணி நேரம். அவள் மேலே போனதும் கீழே எங்கள் கூட்டம் கூடும். ஒருவர் காரிலேயே இருக்கையைச் சாய்த்துத் தூங்குவார். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலை பார்ப்பார். மற்றவர்கள் வடைக் கடை ஓரம் நின்று வீட்டுக் கடன், எஸ்பிஎம் டியூஷன், யார் மகன் எந்தப் பல்கலைக்கழகம் என்று பேசிக்கொண்டிருப்போம். மேலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப்பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை.

ஏழு வருடமாக இப்படித்தான். இந்த ஏழு வருடத்தில் நான் அந்த மாடிப்படி ஏறியது பெரும்பாலும் கட்டணம் கட்டுவதற்காக.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு படம். 2025 மார்ச்சில் பிரைம் வீடியோவில் வெளியான ‘பி ஹேப்பி’. ரெமோ டிசோசா இயக்கிய இந்திப் படம். எங்கள் வீட்டில் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தோம். மனைவியை இழந்த சிவ் என்ற அப்பா. அபிஷேக் பச்சன் நடித்திருக்கிறார். ஊட்டியில் மகளோடும் மாமனாரோடும் வாழ்கிறார். மாமனாராக நம் நாசர். மகள் தாராவாக வரும் இனாயத் வர்மா ஏற்கெனவே ‘லூடோ’வில் அபிஷேக்கோடு நடித்த சிறுமி, இருவருக்கும் இடையே அந்தப் பழக்கம் தெரிகிறது. தாராவுக்கு ஆட்டம்தான் உயிர். தொலைக்காட்சியின் பெரிய நடனப் போட்டியில் ஆட வேண்டும் என்பது கனவு. அப்பாவோ சிரிப்பதற்கே யோசிக்கிறவர். மும்பைக்குப் போகிறார்கள். போட்டி சூடுபிடிக்கும் நேரத்தில் மகள் நோயில் விழுகிறாள். அதற்குப் பிறகு அப்பா மேடை ஏறுகிறார். முடிவைச் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க மாட்டேன்.

படம் எப்படி? முதல் பாதி நன்றாக இருக்கிறது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து அப்பாவை மடக்கும் காட்சிகளில் நாசர் அலட்டிக்கொள்ளாமல் நடித்திருக்கிறார். அபிஷேக்குக்கு ஆட்டம் இயல்பாக வருவதில்லை. இந்தக் கதைக்கு அதுவே பொருத்தம். ஆனால் மருத்துவமனை வந்த பிறகு இயக்குநர் நம் கண்ணீர்ப் பையைக் கசக்கிப் பிழிகிறார். நடன ஆசிரியராக இருந்து இயக்குநரானவர் ரெமோ. ஆடும் காட்சிகளை ஒரே ஷாட்டில் நிதானமாகக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதையும் வெட்டி வெட்டியே காட்டுகிறார்.

படம் முடிந்தது. வீட்டில் எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. பதின்மூன்று வயது மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்பா, எனக்கும் இப்படி நோய் வந்தாத்தான் நீங்க ஆடுவீங்களா?”

“ச்சீ, வாயை மூடு” என்று அவள் அம்மா அதட்டினாள். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் கேட்டதில் ஒரு விமர்சகரின் கூர்மை இருக்கிறது. ஓர் அப்பா தன் பிள்ளையோடு ஆட வேண்டுமென்றால், அதற்கு நோய் போன்ற ஒரு பெரிய சாக்கு வேண்டும் என்று திரைக்கதை எழுதியவரே நினைக்கிறார். சும்மா ஒரு வெள்ளிக்கிழமை இரவு, காரணமே இல்லாமல், கூடத்தில் ஓர் அப்பா ஆடினால் நாம் நம்பமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் தமிழில் வந்த நடனப் படங்களை எடுத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் வந்த ‘லட்சுமி’ நினைவிருக்கும். ஏ.எல்.விஜய் இயக்கியது. அம்மா ஐஸ்வர்யா ராஜேஷுக்கு நடனம் என்ற சொல்லே ஆகாது. மகள் ஒளிந்து ஒளிந்து ஆடுகிறாள். காப்பிக் கடை நடத்தும் பிரபுதேவாதான் அவளுக்குத் துணை. மகளாக நடித்த தித்யா பாண்டே நிஜமாகவே ஒரு தொலைக்காட்சி நடனப் போட்டியில் வென்று வந்தவள். பிள்ளையை ஆட விடாத அம்மா மனம் மாறுவதுதான் அங்கே கதை.

இன்னும் பின்னால் போனால் 1983ல் வந்த ‘சலங்கை ஒலி’. கே.விஸ்வநாத் தெலுங்கில் எடுத்தது; தமிழில் நம் வீடியோ கேசட் காலத்தில் எத்தனை வீடுகளில் ஓடியிருக்கும்! கமல் நடித்த பாலுவுக்கு சமையல் வேலை செய்து வளர்த்த தாய். டில்லியில் ஆடும் பெரிய வாய்ப்பு கைக்கு வரும் நேரத்தில் அந்தத் தாய் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு பாலு குடிகாரன்; நடன விமர்சகன். கடைசியில் தான் நேசித்த பெண்ணின் மகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறான். பெற்ற பிள்ளை இல்லை, ஆனாலும் அது அப்பா மகள் கதைதான் என்று நான் சொல்வேன். அங்கேயும் பாருங்கள், ஆடுகிறவனுக்குப் பாட்டில் வேண்டியிருக்கிறது.

சரி, ஆம்பளைகள் ஆடுவது நமக்குப் பழக்கமில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. நாங்கள் நிற்கும் வடைக் கடையிலிருந்து அதிக தூரமில்லை, ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981ல் தொடங்கியது. அங்கே ஒரு தலைமுறையையே ஆட வைத்தவர்கள் கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி. கணவன் மனைவி இருவருமே நடனக் கலைஞர்கள். ரம்லி இப்ராஹிம் பொறியியல் படித்த மலாய்க்காரர். அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்றார். 1983ல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். 2018ல் இந்தியா அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது. ஆக, ஆண் ஆடுவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. அப்பா ஆடுவதுதான் புதிது.

அல்லது, புதிதும் அல்ல. மறக்க நினைத்தது.

நான் காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா மரம் சீவியவர். மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடிக்க ஆரம்பித்தால் அவருடைய கால் நிற்காது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினால் கூட்டம் தானாக வட்டம் போடும். நன்றாக ஆடுவார் என்று இப்போது சொல்கிறேன். அப்போது பத்து வயதில், பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரிக்கிறார்களே என்று கோயிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். ஏனென்றால் அப்பா ஆடினார் என்றால் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். குடித்தால் அந்த இரவு வீட்டில் சண்டை. “உங்கப்பா ஆட ஆரம்பிச்சிட்டாரு” என்று அம்மா சொன்னால், தங்கையும் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து லயத்துக்குப் போய்விடுவோம். எங்கள் வீட்டில் ‘ஆட்டம்’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கள்ளுக்கடையும் சம்சுவும் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலரும் தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்தபோது ஒரு முடிவெடுத்து வந்தோம். சத்தம் போடக் கூடாது. தெருவில் ஆடக் கூடாது. பிள்ளைகள் ஆட வேண்டுமானால் முறைப்படி ஆசிரியரிடம் கற்று, பட்டு உடுத்தி, மேடையில் ஆடட்டும். நாம் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பிடிப்போம். நம் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், வாத்தியக் குழு, ஆடை, நகை, விருந்து என்று ஒரு சிறிய கல்யாணத்துக்கு ஆகும் வெள்ளியைக் கொட்டுகிறோமே, அதில் பாசம் இருக்கிறது, பெருமை இருக்கிறது. ‘நான் என் அப்பன் மாதிரி இல்லை’ என்று ஊருக்குச் சொல்வதும் கொஞ்சம் இருக்கிறது. என்னிடம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா இறந்த அன்று இரவு, சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். “உங்கப்பனுக்குக் குடிக்க ஆசை இல்லடா. ஆடத்தான் ஆசை. சும்மா ஆடினா சிரிப்பாங்கன்னுதான் குடிச்சான்.” அண்ணன் மேல் பாசத்தில் சொன்னது, முழுதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. குடித்ததால் அம்மா பட்டதை நான் பார்த்திருக்கிறேன்; அதை எந்த ஆட்டமும் ஈடு செய்யாது. ஆனால் ‘பி ஹேப்பி’ பார்த்த இரவு சித்தப்பா சொன்னது திரும்ப வந்தது. படத்தில் அந்த அப்பாவுக்கு ஆட மகளின் நோய் வேண்டும். என் அப்பாவுக்கு சம்சு வேண்டியிருந்தது. எனக்கு எந்தச் சாக்கும் வேண்டாம், நான் ஆடவே மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

ஆடுவதே தொழிலாக இருந்த குடும்பங்களில் இந்தக் கூச்சம் இல்லை என்பதைப் பார்க்கிறேன். பாலசரஸ்வதி 1925ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பின்னாளில் அவர் ஆடும்போது பாடியவர் அவருடைய அம்மா ஜெயம்மாள். அம்மா பாட, மகள் அந்தப் பாட்டின் ஒரு வரிக்கு விதவிதமாக அபிநயம் பிடிக்க, எத்தனை இரவுகள் அப்படிப் போயிருக்கும்! சத்யஜித் ரே 1976ல் அவரைப் பற்றி ‘பாலா’ என்று ஆவணப்படம் எடுத்தார். பாலசரஸ்வதியின் மகளும் ஆடினார். அவர் பெயரும் லட்சுமிதான்.

சினிமாப் பக்கம் வந்தால் பிரபுதேவா வீடு. அப்பா முகூர் சுந்தர் நடன இயக்குநர். ராஜு சுந்தரம், பிரபுதேவா, நாகேந்திர பிரசாத் என்று மூன்று மகன்களும் ஆட்டத்துக்கே வந்தார்கள். ‘அக்னி நட்சத்திரம்’ பாட்டில் கூட்டத்தில் ஒருவனாக ஆடிய ஒல்லிப் பையனை இன்றும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறோம். அந்தப் பையன் 2025 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெரிய மேடையில் தன் மகன் ரிஷியோடு சேர்ந்து ஆடினார். அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்தேன். அதில் நோய் இல்லை, அழுகை இல்லை. ஐம்பது தாண்டிய அப்பாவும் மகனும் ஒரே அசைவைச் செய்கிறார்கள். அப்பாவே இன்னும் வேகம். மகன் முகத்தில் பயமும் சிரிப்பும் கலந்திருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ‘பி ஹேப்பி’யின் கடைசி அரை மணி நேரத்தைவிட அந்தச் சில நிமிடங்கள் மேல்.

அதற்காகப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு பாருங்கள், முக்கியமாக நாசருக்காகவும் அந்தச் சிறுமிக்காகவும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மருத்துவமனைக் காட்சிகளுக்கு முன்பே கொஞ்சம் சொல்லி வையுங்கள். எங்கள் சின்னவன் அன்றிரவு தனியாகத் தூங்க மறுத்துவிட்டான்.

போன சனிக்கிழமை நான் கட்டணம் கட்டும் நாள் இல்லை. இருந்தும் மாடி ஏறினேன். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்திருந்த இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது, உட்கார்ந்தேன். வர்ணம் பயிற்சி. ஒரே இடத்தைப் பதினைந்து முறை திரும்பச் செய்ய வைத்தார் ஆசிரியர். மகளின் அரைமண்டி போகப் போக உயர்ந்துகொண்டே வந்தது. “உட்காரு, உட்காரு” என்று தட்டுக்கழி சொல்லிக்கொண்டே இருந்தது. தொடை நடுங்குவது கதவு வரைக்கும் தெரிந்தது. ஏழு வருடமாக நான் வாங்கிக் கொடுத்த ஐஸ் பொட்டலம் எதற்கு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வடைக் கடையில் நின்றுகொண்டு எத்தனை பேரிடம் “பாப்பா நல்லா ஆடுறா” என்று சொல்லியிருப்பேன்!

வீட்டுக்கு வரும் வழியில் சுபாங் தாண்டியதும் அவள் கேட்டாள். அடுத்த மாதம் கிள்ளானில் அவளுடைய பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். விருந்து இரவில் பிள்ளைகள் ஒரு நடனம் போடுகிறார்கள். அதில் ஒரு நிமிடம் அப்பாக்களும் வர வேண்டும் என்று திட்டமாம். இரண்டு மாமாக்கள் சரி சொல்லிவிட்டார்கள்.

“நாலே ஸ்டெப்புதான் பா. நானே சொல்லித் தர்றேன்.”

“நாலு பேரு சிரிப்பாங்க மா.”

“சிரிக்கத்தானே பா போடுறோம்.”

எனக்குப் பதில் வரவில்லை. பாத்து தீகா வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, வண்டி நகரவில்லை. அவள் கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டு, என் பக்கம் திருப்பி வைத்து, முதல் ஸ்டெப்பைக் கையால் செய்து காட்டினாள். வலது, வலது, இடது, திரும்பு. பயிற்சி வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில். சோபாவை எங்கே தள்ளுவது என்று மனைவி இப்போதே கேட்கிறாள்.