ஏரியாவை வரைபடத்தில் காட்டுங்கள்

திருநள்ளாறு கொம்யூனில் உள்ள சுரக்குடியில் ஒருவர், பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ஐஸ்கிரீம் பார்லரை பிரான்சைஸ் எடுத்து நடத்த முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட், கடை அட்வான்ஸ், ஃப்ரீசர், ஜெனரேட்டர், உள் அலங்காரம் என்று வளைகுடாவில் சேர்த்த பணமோ நகைக்கடனோ அதில் இறங்கிவிடும். ஒப்பந்தத்தில் அவருடைய ஏரியா 'காரைக்கால் மாவட்டம்' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால், படிக்கும்போது மாவட்டமே கைக்கு வந்ததுபோல இருக்கும். அந்த வரியை நம்பி அவர் கையெழுத்துப் போடக் கூடாது. நிறுவனங்களும் இப்படி எழுதிக் கொடுக்க அனுமதிக்கப்படக் கூடாது.

காரைக்காலின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். கடலை விட்டால் சுற்றிலும் தமிழ்நாடு. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். எல்லைச் சோதனைச்சாவடிகள் மதுபாட்டிலைத்தான் தேடும். ஃபலூடா சாப்பிடப் போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. அதே நிறுவனம் பொறையாற்றில் ஒன்றும் நாகூரில் ஒன்றுமாகக் கடை திறந்தால் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மீறப்பட்டிருக்காது. ஆனால் மாலை வியாபாரம் மூன்றாகப் பிரிந்துவிடும்.

மாவட்டம் என்பது நிர்வாக வசதிக்காகப் போடப்பட்ட கோடு. டெல்டாவில் அந்தக் கோடு அடிக்கடி நகரும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது 1991-இல். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது 2020-இல். 2019-இல் 'நாகப்பட்டினம் மாவட்டம் முழுவதும்' என்று ஒப்பந்தம் போட்டவருக்கு இன்று சீர்காழி சொந்தமா, இல்லையா? ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் வக்கீலுக்குத்தான் வேலை. 'புதுச்சேரி ஒன்றியப் பகுதி' என்று எழுதினால் கூத்து இன்னும் பெரிது. கேரளத்தை ஒட்டிய மாஹேயும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் அந்த ஏரியாவில் அடங்கும், கூப்பிடு தூரத்துப் பொறையாறு அடங்காது.

ஜி.எஸ்.டி. கணக்கில் ஆற்றின் அக்கரையிலிருந்து வரும் சரக்கு வெளிமாநிலச் சரக்கு. ஆகவே காரைக்காலைத் தனியாக வைப்பது நிறுவனத்தின் கணக்குப்பிள்ளைக்கு வசதி. அவருடைய வசதியைக் கடைக்காரரின் பாதுகாப்பு என்று காட்டுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

மாவட்டத்துக்குப் பதிலாகக் கடையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று தூரத்தை ஒழுங்காக எழுதிவிட்டாலும் போதாது. சுரக்குடிக் கடையின் கணக்கு, திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டம் வரும் சனிக்கிழமைகளையும், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியையும் நம்பியிருக்கும். அந்தக் கூட்டத்தில் நிறுவனமே தற்காலிக ஸ்டால் போட்டால்? வண்டியில் கொண்டுவந்து விற்றால்? 'வேறு கடை திறக்க மாட்டோம்' என்ற வாக்குறுதிக்கு அது மீறல் ஆகாது, ஸ்டாலும் வண்டியும் கடை அல்லவே. மளிகைக் கடை ஃப்ரீசரில் வைக்கும் டப்பாவும், கைபேசிச் செயலி வழியே வேறு ஊர்ச் சமையற்கூடத்திலிருந்து வரும் ஆர்டரும் இதே ரகம்.

இது கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவின் கார்வெல் ஐஸ்கிரீம் நிறுவனம் பிரான்சைஸ் கடைகளால் பெயர் வாங்கியது. 1990-களில் அதே சரக்கைப் பல்பொருள் அங்காடிகளில் விற்கத் தொடங்கியபோது கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். கடைக்காரர்களின் வாடிக்கையாளர் உறவில் நிறுவனம் செய்தது சட்டவிரோதக் குறுக்கீடு ஆகாது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் சொல்லிவிட்டது. எழுதி வாங்காத உரிமைக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு இனிப்புக் கடைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம். குஜராத் பாட்லிங், கோகா கோலா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: ஒப்பந்தக் காலத்தில் போட்டி நிறுவனத்தின் சரக்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். நியாயம்தான். ஆனால் கடைக்காரரின் கையைக் கட்டும் நிபந்தனைக்கு இந்த உறுதி இருக்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு கடை திறக்கும் நிறுவனத்தின் கையைக் கட்ட எந்தச் சட்டமும் முன்வரவில்லை.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே விவர ஆவணம் தர வேண்டும். தனி ஏரியா இல்லையென்றால் 'உங்களுக்குத் தனி ஏரியா கிடையாது, எங்கள் சொந்தக் கடைகளே உங்களோடு போட்டியிடலாம்' என்ற பொருளில் அதில் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். மூடப்பட்ட கடைகளின் கணக்கும் அதில் இருக்கும். அயோவா மாநிலம் 1992-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. பக்கத்தில் புதுக் கடை திறந்து பழைய கடையின் விற்பனையைக் கெடுத்தால் நிறுவனம் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. தப்ப வேண்டுமானால் அதற்குள்ள வழிகளில் ஒன்று, புதுக் கடையைப் பழைய கடைக்காரருக்கே முதலில் கொடுக்க முன்வருவது.

ஏரியாவை ஒருவருக்கே பூட்டிக் கொடுத்தால் அவர் சோம்பேறியாகிவிடுவார், வாடிக்கையாளருக்கும் நஷ்டம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இதில் பாதி உண்மை இருக்கிறது. அழுக்கு மேசையும் உருகிய கோனுமாகக் கடை நடத்துபவருக்கு ஆயுள் ஏகபோகம் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விற்பனை இலக்கை எட்டாவிட்டால் ஏரியா சுருங்கும் என்று எழுதிக்கொள்ளட்டும். ஆனால் சிற்றூர்களில் பிராண்டுகள் எப்படி வேரூன்றின என்பதையும் மறக்க வேண்டாம். 1970-இல் ராயபுரத்தில் சிறிதாகத் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம், சின்ன ஊர்களின் பார்லர்கள் வழியாகத்தான் தமிழகம் முழுக்கப் பரவியது. ஊரில் பெயரை நிலைநிறுத்தியவருக்கு, அடுத்த கடையை ஏற்கும் முதல் வாய்ப்பு உரிமையாகவே கிடைக்க வேண்டும்.

மத்திய அரசு வெளிப்படுத்தல் சட்டம் கொண்டுவரும்வரை புதுச்சேரி அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம், நம் சட்டமன்றத்துக்கும் அதில் இடமுண்டு. அதற்கு நாளாகும் என்றால் வங்கிகள் நாளையே தொடங்கலாம். முத்ரா கடன் கேட்டுப் போகிறவரிடம் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் கேட்கும் மேலாளர், இன்னும் ஒரு தாள் சேர்த்துக் கேட்கட்டும்: கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை, மாநில எல்லை எதுவானாலும், நிறுவனம் கடை, ஸ்டால், வண்டி, செயலி எதன் வழியாகவும் விற்காது என்று வரைபடத்தோடு நிறுவனம் கையெழுத்திட்ட தாள். அது இல்லாத விண்ணப்பத்துக்குக் கடன் தரக் கூடாது.