பத்தடி கை கொண்ட பியானோக்காரர்

பியானோவை ஸ்டீரியோவில் பதிவு செய்வது எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. மூடியைத் திற. பாஸ் தந்திகளுக்கு மேல் ஒரு மைக், உச்சத் தந்திகளுக்கு மேல் ஒரு மைக். ஒன்றை முழுக்க இடதில் தள்ளு, மற்றதை வலதில். முடிஞ்சது வேலை.

நானும் இதைத்தான் செய்தேன். அக்கா மகள் வாசித்ததைப் பதிந்து அனுப்பினேன். ஹெட்போனில் பிரமாதம். அம்மா தன் ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்டுவிட்டு, "நடுவுல நடுவுல சத்தமே வரலியே, புள்ள பயந்துட்டாளா?" என்றார்.

அவள் பயப்படவில்லை. தப்பு என் மைக்கில். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது. ஒரு சுரம் இரண்டாவது மைக்கை அடைய அவ்வளவு தூரம் கூடுதலாகப் போனால், இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். நடு சி-க்கு மேலுள்ள பி 494 ஹெர்ட்ஸ். மெலடி குடியிருக்கும் தெருவே அதுதான்.

"இடது கை இடதில் கேட்பதுதானே இயற்கை?" என்பார்கள். யாருக்கு? மேடையில் பியானோ பக்கவாட்டில் நிற்கிறது. உச்ச சுரங்கள் ரசிகருக்கு அருகில், பாஸ் அப்பால். வாசிப்பவருக்கும்கூட விசைகள்தான் இடம் வலம். 1859-ல் ஸ்டைன்வே கிராண்டுக்குக் காப்புரிமை பெற்ற குறுக்குத் தந்தி அமைப்பில், பாஸ் தந்திகள் மற்றவற்றின் மேலேறி ஒலிப்பலகையின் நடுவை நோக்கி ஓடுகின்றன. பேசுவது அந்தப் பலகை. நாம் பதிவது சுவருக்குச் சுவர் கை நீட்டிய ஒரு பூதத்தை.

"பதிவு தனிக் கலை, கச்சேரியின் நகல் அல்ல, க்ளென் கூல்டைப் பார்" என்றும் சொல்வார்கள். பார்க்கலாமே. 1964-ல் மேடையை விட்ட கூல்ட், பின்னாளில் பல தூரங்களில் மைக் வைத்து, இசைக்கு ஏற்பக் கோணத்தை மாற்றினார். அவர் கேட்டுத் தேர்ந்தெடுத்தார். நாம் கேட்காமலே காப்பி அடிக்கிறோம்.

இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931-லேயே வழி காட்டிவிட்டார்: இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில், கோணம் மட்டும் மாற்றி வை. நேர வித்தியாசம் இல்லை, அதனால் கரைந்துபோகும் சுரமும் இல்லை. மூடி திறந்த பக்கம், ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். அறை எதிரொலித்தால் நெருங்குங்கள். ஆனால் இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். அகலம் குறையும்தான், குறையட்டும்.

பிறகு மோனோவில் ஒருமுறை கேளுங்கள். வாசித்த பிள்ளையின் உழைப்பு அம்மாவின் போன் வரைக்கும் போய்ச் சேர வேண்டாமா?