சரணடைந்தவர் யார்?

வன்னியிலிருந்து ஓர் இளைஞர், ஆங்கில மனு ஒன்றைத் திருத்தித் தருமாறு அனுப்பியிருந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த மகனைத் தேடும் தாயொருவரின் மனு அது. அந்தத் தாய் சொன்னதையும் அவர் தமிழில் குறித்து இணைத்திருந்தார்: “சரணடைஞ்ச பிறகு நான் பிள்ளையைக் காணேல்லை.”

சரணடைந்தவன் மகன் என்பது தமிழருக்கு உடனே விளங்கும். ஆங்கில மனுவோ ‘ஆஃப்டர் சரண்டரிங்’ என்று தொடங்கி, ‘ஐ’ என்ற எழுவாயைத் தொடர்ந்து வைத்திருந்தது. ஆங்கிலத்தில் இவ்வாறு முன்னே நிற்கும் தொடர், அடுத்து வரும் எழுவாயையே சாரும். ஆக, சரணடைந்தவர் தாய் என்றாகிவிட்டது.

இதை ஆங்கிலத்தின் வீண் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. ‘சரணடைந்து’ போன்ற வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பிய வினையியலின் விதி. ‘சரணடைந்து நான் பிள்ளையைக் காணவில்லை’ என எழுதினால் தமிழிலும் அதே பிழைதான். ‘சரணடைந்த பிறகு’ என்பதற்குத் தமிழில் உள்ள சுதந்திரத்தை ஆங்கிலத்துக்கும் உண்டென்று நம்பியதே இளைஞரின் தவறு.

பத்திரிகைக்காரர்களாகிய நாமும் சுத்தமில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ‘கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம்’ என்று அதற்குத் தலைப்பிட்டால், கிளிநொச்சியில் நடந்தது போராட்டமா, காணாமல் ஆக்கப்பட்டதா? ‘காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் போராட்டம்’ என்றால் ஐயமில்லை. இத்தகைய தலைப்புகளை நானும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

தலைப்புத் தவறினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். மனுவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜெனீவாவில் அதைப் படிப்பவர் தாயையும் அறியார், தமிழையும் அறியார். முன்னொரு வாக்குமூலத்தில் மகன் சரணடைந்தான் என்றும், இதில் தாய் சரணடைந்தார் என்றும் இருந்தால், அவர் அதை முரண்பாடு என்றே குறித்துக்கொள்வார். பொய் சொல்லாத தாய்மீது சந்தேகம் விழும்.

ஆகவே, இப்பணியில் உதவும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். விடையை உரிய சொல்லுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நான் அந்த மனுவில் செய்த திருத்தம் சிறியது: ‘என் மகன் சரணடைந்த பின்னர்’ என்று ஆங்கிலத்தில் மாற்றினேன். அதையும் அந்தத் தாயிடம் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டே அனுப்பும்படி சொன்னேன்.