பகலில் அருந்ததி பார்ப்போர்

நம்மவர் திருமணங்களில், முற்பகல் வெயிலில் புரோகிதர் விரலை மேலே நீட்டி, “அருந்ததி தெரிகின்றதா?” என்று கேட்கின்றார். மணமக்களும் “தெரிகின்றது” என்று தலையசைக்கின்றனர். காணாத மீனைக் கண்டதாகச் சொல்லித் தொடங்கும் இல்லறத்தில் வானைப்பற்றிய வேறெந்த உண்மைதான் நுழையப்போகின்றது?

அருந்ததி எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. சித்திரை, வைகாசி இரவுகளில் ஒன்பது பத்து மணிக்குக் கெடாவின் எந்தத் தோட்டத் திடலில் நின்றும் வடக்கே நோக்குக. ஏழு மீன்களுள் வால் முனையிலிருந்து இரண்டாவதாகிய வசிட்டனை ஒட்டி அச்சிறு மீனைக் காணலாம். அவ்வேளையிலேயே தெற்கே திரும்பினால் தென்சிலுவை நிற்கும். கெடா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 5 முதல் 6½ பாகைக்குள் அமைந்திருப்பதால் வடவானமும் தென்வானமும் நமக்குக் காட்சி தருகின்றன. இலண்டன் மாநகரத்தாருக்குத் தென்சிலுவை என்றும் உதிப்பதில்லை.

இச்செல்வம் கூரைக்கு மேல் கிடக்க, நாம் வானத்தைச் சாதகக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டோம். செவ்வாய், பூமியின் குறுக்களவில் பாதியளவே உள்ள வறண்ட குளிர்கோள். பல்லாயிரம் ஆண்டுகளில் காணாத அளவு அது நெருங்கி வந்த 2003 ஆம் ஆண்டிலும் 5½ கோடி கிலோமீட்டருக்கு அப்பாலேயே நின்றது. அதுவோ ஒரு தோட்டத்துப் பெண்ணின் மணவாழ்வைத் தடுப்பது? 2025 செப்டம்பர் 8 விடியலுக்கு முன் இந்நாட்டு வானில் நிலா 82 நிமிடம் முழுதும் மறைப்புற்றுச் செந்நிறமாய் நின்றது. பூமியின் நிழலைக் கண்ணாரக் காணும் அவ்வரிய வாய்ப்பிலும் கருவுற்ற பெண்ணைக் கதவடைத்து வைப்பதோ அறிவு?

“நம் முன்னோர் அறியாததா?” என்பர் சிலர். அறிந்தனர், எவர் அறிந்தனர் என்பதே கேள்வி. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளால் 1825 ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்னும் அதிகாரி பதிவு செய்துள்ளார். கணக்கு அவர் கையிலிருந்தது. அதன் காரணம் அவருக்கே தெரியாது என்றும் வாரன் எழுதினார். மாறாக, சென்னை வானாய்வகத்துச் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1874 இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியை நாட்டு மொழிகளில் சிறு நூலாக்கி மக்களுக்கு விளக்கினார். முன்னோர் பெருமை பேசுவோர் பின்பற்ற வேண்டியது இவ்விருவருள் எவரை?

“உழைத்துக் களைத்தவர்க்கு விண்மீன் எதற்கு?” என்பர் வேறு சிலர். திருவிழா வாணவேடிக்கைக்கு மட்டும் அக்களைப்பு குறுக்கே நிற்பதில்லையே! அச்செலவில் ஒரு பகுதி போதும். கலிலியோ 1610 இல் கண்ட வியாழனின் நான்கு நிலாக்களையும் எளியதொரு பைனாகுலரே காட்டிவிடும். கோல மூடா வட்டாரத்துப் புலாவ் சாயாக் கடற்கரையில் முஸ்லிம் சகோதரர்களின் பிறையைத் தொலைநோக்கி கொண்டே தேடுகின்றனர். தேசிய வானாய்வகமும் இம்மாநிலத்து லங்காவியிலேயே அமைந்தது. அண்டை வீட்டார் சமயத்துக்கும் கருவி துணையாகும்போது நமக்கு மட்டும் ஏன் பகையாகும்?

ஆதலின், சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் முதலிய ஊர்களின் சங்கத்தாரையும் ஆலய நிருவாகத்தாரையும் தமிழ்ப் பள்ளி ஆசிரியரையும் கேட்கின்றோம்: மழை குறைந்த தை, மாசி மாதங்களில் திங்களுக்கு ஓர் இரவேனும் திடலின் விளக்கை அணைத்து, தாய்மொழியில் வானைக் காட்டுங்கள். கார்த்திகையையும் திருவாதிரையையும் தம் கண்ணாலேயே கண்டு பழகிய பிள்ளை, நாளை மணவறையில் “தெரியவில்லை” என்று துணிந்து சொல்லும்.