கடம்பாறையின் கடிகாரம்

ஆனைமலையில் பாறையைக் குடைந்து கட்டிய கடம்பாறை மின்நிலையம் 1980களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. ஊர் உறங்கியபின் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ்த்தண்ணீரை மேலே ஏற்றுவதும், சாயங்காலம் வீடுவீடாக விளக்கு எரியும்போது அதையே திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பதும்தான் அதன் பிழைப்பு. போகவர ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வீணாகும். ஆனாலும் கட்டுபடியானது, நள்ளிரவு மின்சாரத்தை அன்று சீந்துவார் இல்லை.

இன்றைக்கு அந்த நிலைமை நண்பகல் மின்சாரத்துக்கு. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது வியந்து படம் போட்டோம். அதன்பின் தென்மாவட்டக் கரிசலெங்கும் தகடுகள் முளைத்துவிட்டன. உச்சிவெயிலில் கொட்டுகின்றன, நாம் கேட்கிற ஏழு மணிக்குக் கையை விரிக்கின்றன. காற்றுக்கு வேறு பஞ்சாங்கம். ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் ஆனி, ஆடியில் இரவுபகல் பாராமல் சுற்றிவிட்டு ஐப்பசியில் சோம்பி நிற்கும்.

காற்றாலைகளின் நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியதைச் சொல்லி மார்தட்டுகிறோம். தட்டலாம். நிறுவியதை ஓடவிட்டோமா? மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றாலொழிய காற்று, சூரிய மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்பது விதி. தமிழ்நாட்டில் அப்படி ஆபத்து ஏதும் இல்லாமலே சூரிய நிலையங்களை நிறுத்தச் சொன்னதற்கு இழப்பீடு கொடுக்கும்படி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நிறுத்தச் சொன்னவர்களின் சங்கடம் புரியாமலில்லை. நிலக்கரிக் கொதிகலனை ஓரளவுக்குமேல் தணிக்க முடியாது. அணைத்தால் மறுபடி சூடேற மணிக்கணக்காகும். வெயிலை அணைக்க ஒரு தொலைபேசி போதும். வாங்கும் விலைக் கணக்கும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

பேட்டரிகள் வரட்டும். நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட் நீரேற்று நிலையமும் வேண்டியதுதான். ஆனால் மலைமலையாகக் குடையத் திட்டம் போடுமுன், சோலைக்காடுகளின் சார்பில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: இருக்கிற சுமையை நண்பகலுக்கு நகர்த்திப் பார்த்தோமா? மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருமென்று டார்ச் லைட்டும் பாம்புப் பயமுமாக மோட்டார் போடப் போன விவசாயிதான் பழைய மின்வாரியத்தின் சுமைதாங்கி. அவருடைய பம்புசெட் பகல் பதினொரு மணிக்கு ஓடினால் வயலே சேமிப்புக் கிடங்கு. மனிதர் இரவில் தூங்கவும் செய்வார். பெரிய ஆலைகளுக்கு இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதச் சலுகை என்று நெடுங்காலம் இருந்துவந்த ஏற்பாடும் கடம்பாறைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதே. வெயில் நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023இல்தான் விதியைத் திருத்தியது.

இதற்கெல்லாம் விவசாய மின்பாதைகளைத் தனியே பிரிக்க வேண்டும். மீட்டர் நேரம் பார்த்துக் கணக்கெழுத வேண்டும். கிராமத்து டிரான்ஸ்பார்மர் மத்தியானச் சுமையைத் தாங்க வேண்டும். திறப்புவிழாவுக்கு உதவாத வேலைகள். இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று சட்டமன்றத்தில் யாராவது கேட்டால், பதிலை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.